எவடம்?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருக்காது. "சொந்த ஊர் எது தம்பி?" என்றுதான் கேட்பார்கள். சிரித்த முகத்தோடு, சில வேளை ஒரு டம்ளர் தண்ணியும் தந்து கேட்பார்கள். முதல் இரண்டு வீடுகளிலும் நாங்கள் அதைச் சுகம் விசாரிப்பதாகவே எடுத்துக்கொண்டோம். யாழ்ப்பாணம் என்றோம். "அடடா, ஈழத் தமிழா" என்று அவர்கள் உருகினார்கள், நாங்களும் கொஞ்சம் உருகினோம். மூன்றாவது வீட்டில், நாங்கள் படியிறங்கி வந்து செருப்புப் போடும்போது உள்ளேயிருந்து ஒரு அம்மா, "என்ன ஆளுங்கன்னு கேட்டீங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டது காதில் விழுந்தது. அப்பதான் விளங்கினது, உது வேற கேள்வி எண்டு.

விளங்கியிருக்க வேண்டியது முதல் வீட்டிலேயே. ஏனென்றால் உந்தக் கேள்வியோடு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கட ஊரில் அதன் பெயர் "எவடம்?" கலியாண வீட்டில், பஸ்ஸில், பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் கிழமையில், புது வேலையில் சேர்ந்த முதல் நாளில், "தம்பி எவடம்?" ஊரைச் சொன்னால் அடுத்தது "ஊரிலை எவடம்?" பிறகு கோயில், பிறகு பள்ளிக்கூடம், பிறகு "ஆற்றை மகன்?" நாலு கேள்விக்குள் ஆளை எடைபோட்டு முடித்துவிடுவார்கள். சாதி என்ற சொல் ஒரு இடத்திலும் வராது.

நாங்கள் நாலு பேர். 2017இல் படிப்பதற்காகச் சென்னைக்குப் போய் இரண்டு வருசம் மந்தைவெளியில் ஒரு வீட்டில் இருந்தோம். அந்த இரண்டு வருசத்தைப் பற்றி எத்தனையோ தரம் நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். கடற்கரை, புத்தகக் கண்காட்சி, ரங்கநாதன் தெருச் சனம், விடியக் காலமை பொங்கல் வடை எல்லாம் அந்தக் கதையில் வரும். அந்த வீடு எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பது மட்டும் வராது. அதை இப்போது எழுதுவதற்கு எங்களில் ஒருவன் சம்மதித்திருக்கிறான். எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு பந்திகளை வெட்டச் சொன்னான். வெட்டிவிட்டோம்.

வீடு தேடி அலைந்தது கிட்டத்தட்ட ஒரு மாதம். கேற்றில் தொங்குகிற 'டு லெட்' பலகைகளில் பாதியில் 'ஃபேமிலி ஒன்லி' என்றிருக்கும். கலியாணம் கட்டாத பொடியன்களுக்கு இல்லை என்று அர்த்தம். தனியாக இருக்கும் பெண்களின் பாடு இன்னும் மோசம், அதை அவர்கள்தான் எழுத வேணும். மிச்சப் பாதியில் 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி.' இது எங்களுக்கு முதலில் பகிடியாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமை சைவம், சனிக்கிழமை மீன் வாங்கச் சந்தைக்கு ஓட்டம். கோயிலில் கொடி ஏறினால் சைவம், கொடி இறங்கினால் மச்சம். சாதியில் மேலே இருப்பதாகச் சொல்லிக்கொள்பவர்கள்தான் நல்ல விளைமீனும் ஓராவும் தேடி வாங்குவார்கள். அதனால் சாப்பாட்டை வைத்து ஆளை அளக்கலாம் என்பது எங்களுக்குப் பிடிபடவே இல்லை. சென்னையில் அது பிடிபடக் கனகாலம் செல்லவில்லை.

தமிழ்நாட்டில் பெயரைக் கேட்டுச் சாதி கண்டுபிடிப்பது கஷ்டம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானம் எடுத்தார்கள். வட இந்தியாவில் சர்மாவும் யாதவும் பெயரோடு ஒட்டிக்கொண்டே திரிய, இங்கே கணிசமானவர்கள் அதைக் கழற்றி எறிந்தார்கள். உண்மையிலேயே பெரிய காரியம். எங்கட பக்கத்தில் அப்படியொரு இயக்கம் வந்து சனத்தின் பெயரையே மாற்றியதில்லை. ஆனால் பெயர் சொல்லாததைச் சொல்ல வைப்பதற்கு வீட்டுக்காரர்கள் வேற வழி வைத்திருக்கிறார்கள். சொந்த ஊர், குலதெய்வம், அப்பாவின் தொழில், கடைசியாக அந்த 'வெஜ்.' 'இன்ன சாதிக்கு வீடு இல்லை' என்று பலகையில் எழுத முடியாது. 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்று தாராளமாக எழுதலாம்.

எங்களுக்கு இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது, கடவுச்சீட்டு. வெளிநாட்டுக்காரரை வீட்டில் வைத்தால் வீட்டுக்காரர் அப்போது ஃபோர்ம் சி நிரப்ப வேண்டியிருந்தது, 24 மணித்தியாலத்துக்குள் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2012 பெப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகநபர்கள் ஐந்து பேரைப் பொலிஸ் சுட்டுக்கொன்ற பிறகு, வாடகைக்கு இருக்கும் எல்லோருடைய விபரத்தையும் பொலிஸ் நிலையத்தில் கொடுக்க வேணும் என்று ஒரு உத்தரவும் வந்தது. வளசரவாக்கத்தில் இருந்த எங்கட சனத்தில் ஒரு அன்ரி சொன்னா, 1991க்குப் பிறகு இலங்கைத் தமிழர் என்றாலே கதவைச் சாத்தின காலத்தோட ஒப்பிட்டால் இப்ப எவ்வளவோ மேல் எண்டு. மேடையில் நாங்கள் தொப்புள்கொடி உறவு. வாசலில் மூன்று பாஸ்போர்ட் கொப்பி, நாலு படம்.

அதில் எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. கொழும்பில் 2007 யூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் இருந்த தமிழரை விடியப்புறம் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதைப் பார்த்த தலைமுறை நாங்கள். 376 பேர். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. தங்க இடம் மறுக்கப்படுவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும் என்ற எண்ணம் எங்களுக்குள் பலமாக இருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் என்ற அந்த எண்ணம்தான் பிறகு நடந்ததைப் பார்க்க விடாமல் கண்ணை மறைத்தது என்று இப்போது நினைக்கிறோம்.

மந்தைவெளி வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கீழ்வீட்டில் அவரும் மனைவியும், மேலே வாடகைக்கு. நல்ல மனிசன். உண்மையாகவே நல்ல மனிசன், அதையும் சொல்ல வேணும். யாழ்ப்பாணம் என்றதும், "ஆறுமுக நாவலர் ஊரா?" என்று கேட்டார். நல்லூர் பக்கத்தில்தான் என்றோம். அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எங்களுக்கும் சந்தோசம். வாடகையை, புரோக்கர் காசை, பத்து மாத அட்வான்ஸை எல்லாம் கதைத்து முடித்த பிறகு, கதவடியில் வைத்து மெல்லக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நாலு பேருமே வேளாளர்தானே?"

எங்களில் ஒருவன், "ஓம்... ஆமா சார்" என்றான்.

அவ்வளவுதான். ஒரு செக்கன்கூட இல்லை. நாலு பேரில் மூன்று பேருக்கு அது பொய் இல்லை. நாலாவது ஆள் எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றான். அவன் நிலத்தைப் பார்க்கவில்லை, கையைப் பிசையவில்லை, ஒன்றும் செய்யவில்லை. "தண்ணி எத்தனை மணிக்கு வரும் சார்?" என்று கேட்டான். அண்டைக்கு இரவு நாங்கள் கொத்துப் பரோட்டா சாப்பிட்டு வீடு கிடைத்ததைக் கொண்டாடினோம். அவனிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிக் கேட்க வேண்டிய ஒன்று நடந்ததாகவே எங்களுக்குத் தெரியவில்லை. சாமர்த்தியமாக வீடு எடுத்துவிட்டோம் என்ற நினைப்பு.

இரண்டு வருசமும் அந்த வீட்டில் களவாக மீன் காய்ச்சினோம். சனிக்கிழமைகளில் பட்டினப்பாக்கம் கரையில் வாங்கி, முதுகுப் பையில் மறைத்துக் கொண்டுவந்து, யன்னல்களைப் பூட்டி, சாம்பிராணி கொளுத்தி வைத்துவிட்டுக் காய்ச்சுவோம். பகிடியும் பயமும் கலந்த ஒரு விளையாட்டு அது. முள்ளையும் செதிலையும் பேப்பரில் சுற்றி, இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, இரவு பத்து மணிக்குப் பிறகு நாலு தெரு தள்ளியிருக்கும் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போடுவது எப்பவும் அவன்தான். நாங்கள் அவனுக்குச் சுத்தம் கூட என்று பகிடி பண்ணியிருக்கிறோம். பிடிபட்டால் எங்கள் மூன்று பேருக்கும் அது மீன் காய்ச்சிய குற்றம். அவனுக்கு அப்படியில்லை. இதை நாங்கள் கண்டுபிடிக்க மூன்று வருசம் சென்றது.

வேலைக்கு ஒரு அக்கா வருவா. சீனிவாசபுரத்தில் இருந்து நடந்து வந்து, அந்தத் தெருவில் நாலு வீடு செய்வா. அவ வந்த முதல் நாளே வீட்டுக்கார அம்மா மேலே வந்து, "அவளுக்குன்னு ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியா வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனா. நாங்கள் வைத்தோம். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் வீடு போய்விடும் என்ற பயம் ஒரு காரணம், எங்கட அம்மம்மா வீட்டுக் குசினியிலும் சிரட்டையோ பழைய பேணியோ அப்படித்தான் தனியாக இருந்தது என்பது மற்றக் காரணம். இரண்டு மூன்று நாளில் ஒன்று கவனித்தோம். அந்த டம்ளரில்தான் அவன் தேத்தண்ணி குடிப்பான். வேறு டம்ளர் கழுவிக் கவிழ்த்து இருந்தாலும் அதைத்தான் எடுப்பான். பகிடி எண்டு நினைச்சு விட்டிட்டம்.

2019 கோடையை நாங்கள் மறக்கமாட்டோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வறண்டது. யூலையில் சோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணி கொண்டுவந்தார்கள், ஒரு ரயிலில் 25 லட்சம் லீற்றர். எங்கட கட்டிடத்தில் காலமை ஒரு மணித்தியாலம் தண்ணி, பிறகு இல்லை. ஒருக்கால் அக்காவிடம், உங்கட பக்கம் எப்படி என்று கேட்டோம். லொறி எப்ப வரும் எண்டு தெரியாது, இரவு ஒரு மணிக்கும் ரெண்டு மணிக்கும் குடத்தோட நிற்கிறம் எண்டா. அப்படி நின்றுவிட்டு ஏழு மணிக்கு எங்கட சட்டி கழுவ வருவா. ஒரு நாள் மீன் சட்டியை ஊறப்போட மறந்துவிட்டோம். அவ மோப்பம் பிடித்து, சிரித்து, "வவ்வாலா தம்பி?" என்று மட்டும் கேட்டா. கீழே சொல்லவே இல்லை. அந்த வீட்டில் எங்கட இரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவதான். கரையோரக் குடிசைகளைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அந்த நாட்களில் சதா பயந்துகொண்டிருந்தா. பெரும்பாக்கம் நகரத்தின் தெற்கு விளிம்பு. அங்கே போனால் இந்த நாலு வீட்டு வேலையும் போய்விடும். அட்ரஸ் கேட்டாலே வேற வேலை தரமாட்டாங்க என்பா. அதாவது அவவுக்கும் அதே கேள்விதான்.

இதை வாசிக்கும் சிலர் சொல்லக்கூடும்: அது அவருடைய வீடு, ஆருக்குக் குடுக்கிறது எண்டு தீர்மானிக்க அவருக்குச் சுதந்திரம் இல்லையா? நாங்களும் கொஞ்சக் காலம் அப்படித்தான் எங்களுக்குள் சமாதானம் சொல்லியிருக்கிறோம். ஆனால் ஒரு வீடு என்றால் சுதந்திரம், தெரு முழுக்க என்றால் அது வேலி. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்த அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். ஆளைக் கண்டுபிடித்துத் தடியோடு வந்து துரத்தினார்கள். அவருடைய படிப்போ சம்பளமோ ஒன்றும் உதவவில்லை. இது நடந்து நூறு வருசம் தாண்டிவிட்டது. 2012இல் சுகதேவ் தோராட்டும் கூட்டாளிகளும் டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள நகரங்களையும் எடுத்து, சாதியும் மதமும் மட்டும் வேறாக இருக்கும் ஆட்களை வீடு தேட வைத்துப் பார்த்தார்கள். தலித்துகளுக்கு மறுப்பு, முஸ்லிம்களுக்கு அதைவிட அதிகம். தந்த இடங்களிலும் கூட வாடகை, கூட நிபந்தனை.

சட்டம் இல்லாமல் இல்லை. தீண்டாமை காரணமாக ஒருவர் ஒரு இடத்தில் குடியிருப்பதைத் தடுப்பது இந்தியாவில் 1955இல் இருந்தே குற்றம். இலங்கையில் 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் காரணத்தை வாய்திறந்து சொன்னால்தானே குற்றம்? மந்தைவெளியில் யாரும் எங்களை மறுக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி, கேள்வி கேட்டார்கள். பதிலை நாங்கள்தான் கொடுத்தோம். கேட்கிறவர் நல்லவராக இருந்தாலும் அந்த ஏற்பாடு நடக்கும். பதில் சொல்கிறவர் ஒத்துழைக்காவிட்டால் மட்டும்தான் அதில் ஒரு சின்ன இடைஞ்சல் வரும். நாங்கள் அந்த இடைஞ்சலைக்கூடக் கொடுக்கவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. 2019 கடைசியில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது வீட்டுக்காரர் அட்வான்ஸில் பெயின்ற் அடிக்கிற காசை மட்டும் கழித்து, மிச்சத்தை எண்ணித் தந்தார். சென்னையில் அது பெரிய விசயம். "உங்கள மாதிரி பசங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க தம்பி" என்றார். யாழ்ப்பாணத்தில் இருந்து புதிதாக வந்த மூன்று பேரைப் பற்றிச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து ஃபோனில் கேட்டார். "அவங்களும் உங்க ஆளுங்கதானே?"

ஓம் என்றோம். இந்த முறை யோசித்துத்தான் சொன்னோம். மூன்று பேரின் ஊர், இடம் எல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. நாலாவதாக ஒருவன் வீடு தேடிக்கொண்டிருந்தான், அவனையும் தெரியும். அவனைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. பிரச்சினை வரும், அவனுக்குத்தான் கஷ்டம் என்று எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலையை அவர் கேட்காமலேயே நாங்கள் செய்து கொடுத்தோம்.

அந்தக் கதை நடந்தபோது எங்கட நண்பன் அறையில் புத்தகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்துவிட்டு, "நல்லா புரோக்கர் வேலை பாக்கிறியள்" என்றான். சிரிக்கவில்லை. பிறகு குசினிக்குப் போய் அந்த டம்ளரை எடுத்துத் தன்ர பையில் வைத்தான்.

ஊருக்கு வந்த பிறகு இதைப் பற்றி முதல் தரம் நேருக்கு நேர் கதைத்தது 2022இல். ஏன் அண்டைக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டோம். மடத்தனமான கேள்வி. "நான் சொல்லியிருந்தா நீங்கள் மூண்டு பேரும் வீட்டை விட்டிருப்பியளோ?" என்று திருப்பிக் கேட்டான். விட்டிருப்போம் என்று சொல்ல எங்களுக்கு விருப்பம். சொல்லவில்லை. சென்னையில் தனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இருக்கவில்லை என்றும் சொன்னான். அங்கே ஒருவர் கேள்வி கேட்டார், இங்கே கேட்காமலே எல்லாருக்கும் தெரியும், அதுதான் வித்தியாசம். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்தவர்களில் கடைசிவரை முகாம்களில் கிடந்தவர்கள் ஆர் என்று பாருங்கோ, காசு சேர்த்தாலும் அக்கம்பக்கத்தில் அவையளுக்குக் காணி வித்தவை எத்தனை பேர் எண்டு கேளுங்கோ என்றான். நாங்கள் சென்னையைப் பற்றி எழுதுவதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை. சென்னையைப் பற்றி மட்டும் எழுதினால்தான் ஆட்சேபம்.

போன மாதம் அவன் யாழ்ப்பாண நகரத்துக்குக் கிட்ட இரண்டு பரப்புக் காணி ஒன்று பார்த்தான். வேலியில் 'காணி விற்பனைக்கு' என்று பலகை. நம்பருக்கு எடுத்தான். தரகர் விலை சொன்னார், உறுதி சுத்தம் என்றார், பின்னேரம் வந்து பாருங்கோ என்றார். வைக்கும்போது, "தம்பி எவடம்?" என்றார். சொன்னான். பின்னேரத்துக்கு முதலே ஃபோன் வந்தது, காணி ஏற்கனவே பேசி முடிந்துவிட்டதாம். பலகை இன்னும் தொங்குகிறது. நேற்றும் பார்த்தோம்.

எங்களில் ஒருவர் போய்க் கேட்கலாம். "எவடம்?" என்பதற்கு எங்களிடம் சரியான பதில் இருக்கிறது. எங்கட பெயரில் வாங்கி அவனுக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். திரும்பவும் மந்தைவெளிதானே அது என்கிறார் மற்றவர். அவனிடம் கேட்டால், தனக்கு அந்தக் காணி வேணும், ஆனா அப்பிடி வேண்டாம் என்கிறான். தரகரின் நம்பர் எங்களிடம் இருக்கிறது.